குப்பைப் பை விற்றவர்

இரவு பதினொரு மணிக்குப்பிறகு குசினியைக் கழுவித் துடைத்துவிட்டு, கறுப்புக் குப்பைப் பைகளைப் பின்முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் என்னுடைய கடைசி வேலை. போன மாதம் ஒருநாள் அங்கே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற தலைமைச் சமையல்காரர் என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த நாட்டில் நான் பார்த்ததிலேயே அழகான கோலை அடித்தவன், ஒருகாலத்தில் இந்தப் பையைத்தான் வீடுவீடாக விற்றுத் திரிந்தவன், தெரியுமா?"

அவர் வொல்ஸ்பேர்க் பக்கத்து ஆள். கார்த் தொழிற்சாலையையும் உதைபந்தையும் தவிர அந்த ஊரில் வேறொன்றும் இல்லை என்று அவரே சொல்லுவார். அவர் சொன்னது கிறாபீற்றே என்ற பிரேசில்காரரை. சொந்தப் பெயர் எடினால்டோ பற்றிஸ்ரா லிபானியோ. 1979இல் சாவோ பாவுலோ மாநிலத்தில் பிறந்தவர். றொனால்டோ பதினேழு வயதில் உலகக் கிண்ண அணிக்குள் போனவர். இவரோ இருபதை அண்டிய வயதில்தான் ஒரு சின்னக் கழகத்தில் தொழில்முறை ஆட்டக்காரரானார். பிறகு கழகம் கழகமாக அலைச்சல். நடுவில் கொஞ்சக்காலம் தென்கொரியா. 2004இல்தான் பெரிய கழகமான சாவோ பாவுலோவுக்கு வந்து சேர்ந்தார்.

2005 ஏப்ரல் 13. தென்னமெரிக்கக் கழகங்களுக்கான லிபேர்த்தடோரெஸ் கிண்ணத்தில் சாவோ பாவுலோவும் ஆர்ஜென்ரீனாவின் குயில்மெஸ் கழகமும் மோதின. எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தன் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதாகக் கிறாபீற்றே குற்றம் சாட்டினார். ஆத்திரத்தில் அவரைத் தள்ளிவிட்டதற்குச் சிவப்பு அட்டை கிடைத்தது கிறாபீற்றேக்கு. ஆனால் ஆட்டம் முடிந்ததும் பொலிஸ் மைதானத்துக்குள் வந்து அந்தத் தடுப்பாட்டக்காரரைக் கைதுசெய்தது. இரண்டு இரவு காவலில் இருந்து, பிணையில் வெளியே வந்தார். சில மாதங்களின்பின், வழக்கை மேலே கொண்டுபோவதில்லை என்று கிறாபீற்றே முடிவெடுத்தார்.

அந்தச் சம்பவம் நடந்து இரண்டு கிழமையில், றொமாரியோவின் பிரியாவிடை ஆட்டத்தில், முதன்முதலாகப் பிரேசில் அணிக்காக இறங்கி ஒரு கோலும் அடித்தார். அடுத்த அழைப்புக்கு ஐந்து வருடம் காத்திருக்கவேண்டியிருந்தது.

2006இல் பிரான்சின் லெ மான் கழகம். 2007இல் வொல்ஸ்பேர்க். 2008-09 பருவத்தில் 25 ஆட்டங்களில் 28 கோல். முப்பது வயதில் ஜேர்மனியின் அந்த வருடத்துச் சிறந்த ஆட்டக்காரர். வொல்ஸ்பேர்க் இன்றுவரை வென்ற ஒரேயொரு லீக் பட்டமும் அந்தப் பருவத்தில்தான்.

சமையல்காரர் சொன்ன கோல் 2009 ஏப்ரல் 4இல் பயேர்ண் மியூனிச்சுக்கு எதிராக அடித்தது. கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினார். தடுக்க வந்தவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, பந்துகாப்பாளரையும் சுற்றிக்கொண்டு போய், கோலுக்கு முதுகைக் காட்டியபடி குதிகாலால் மெல்லத் தட்டிவிடுகிறார். பந்துக்கு அவசரமே இல்லை. உருண்டு உருண்டு உள்ளே போகிறது. 5-1.

அந்த ஏப்ரலில் நான் யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழக இரண்டாம் வருடத்தில் இருந்தேன். மாமா குடும்பம் வன்னிக்குள். உதைபந்தைப் பற்றி எங்களில் எவரும் பேசாத மாதங்கள் அவை. என் படிப்பும் அத்தோடு நின்றது. அந்தத் திகதியில் உலகத்தில் இப்படியும் ஒன்று நடந்திருக்கிறது என்பதை இத்தனை வருடம் கழித்துக் குப்பைத் தொட்டியடியில் நின்று பார்த்தேன்.

முப்பதிலும் ஒரு மனிதன் எழும்பலாம் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. என்னைக் குடைவது அந்த வழக்கு.

எங்கள் குசினியில் எரித்திரியப் பொடியன் ஒருவன் கோப்பை கழுவுகிறான். போன மாரியில், கூட வேலை செய்யும் ஒருவன் அவனை ஒரு மிருகத்தின் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பாஷை கொஞ்சம் ஓடும் என்பதால், முதலாளியிடம் சாட்சி சொல்ல வருவாயா என்று பொடியன் கேட்டான்.

"விடடா தம்பி, முதலில் உன்ரை விசா அலுவல் முடியட்டும்" என்றேன், எனக்குத் தெரிந்த டொச்சில். அவன் ஒன்றும் பேசாமல் திரும்பிப்போய்க் கோப்பைகளை அடுக்கினான்.

கிறாபீற்றே வழக்கை விட்ட கதையை வாசித்தபோது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய ஆளே விட்டுவிட்டார், நான் எம்மாத்திரம் என்று. இரவு படுக்கையில்தான் அந்தக் கணக்குப் பிழைத்தது. அவர் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, பிறகு விட்டவர். நான் பொடியனைச் சொல்லவே விடவில்லை.

கிறாபீற்றே 2010 உலகக் கிண்ணத்துக்குப் போனார். அங்கே போர்த்துக்கலுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இறங்கியது மட்டும்தான். பிறகு டுபாய், கடைசியில் றெசிபேயிலுள்ள தனது பழைய சாந்தா குறூஸ் கழகம். 2018இல் ஓய்வுபெற்றார்.

நாளைக்குப் பொடியனுக்கும் எனக்கும் ஒரே நேர வேலை. முதலாளி பத்து மணிக்கு வருவார்.