லைட் எங்கருந்துப்பா வருது?

அடுத்த வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணப்போற ஜூனியர்களே, இது உங்களுக்காகத்தான். படிச்சது எல்லாம் இங்கிலீஷ் மீடியம், அதனால பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

எங்க ப்ராஜெக்ட் ஃபோட்டானிக் சிப். கரன்ட்டுக்குப் பதிலா வெளிச்சம் ஓடுற சர்க்யூட். சிலிக்கான்ல 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரத்துல ஒரு பாதை, பக்கத்துல ஒரு குட்டி வளையம். வளையத்து மேல உப்புத் தண்ணி பட்டா, அதுக்குள்ள சுத்துற அலைநீளம் லேசா நகரும். அதை வெச்சு உப்பு எவ்வளவுன்னு சொல்லலாம். எங்க காலேஜ்ல சிப் செய்யுற லேப் கிடையாது, எல்லாமே சிமுலேஷன்தான். கிராஃப் சூப்பரா வந்துச்சு.

ஃபர்ஸ்ட் ரிவ்யூல பேனல்ல இருந்த சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லைட் எங்கருந்துப்பா வருது?"

"சோர்ஸ் வெச்சிருக்கோம் சார்." சாஃப்ட்வேர்ல அது ஒரு க்ளிக்.

"நிஜ சிப்ல?"

பதில் இல்ல.

அன்னைக்கு ராத்திரிதான் ஒழுங்கா படிச்சேன். 1962-லேயே ராபர்ட் ஹால் குழு காலியம் ஆர்சனைடுல குட்டி லேசர் செஞ்சுட்டாங்க. சிலிக்கான்ல அது முடியல. காரணம் இன்டைரக்ட் பேண்ட்கேப். செமஸ்டர்ல எழுதி மார்க் வாங்கின அதே வார்த்தை! காலியம் ஆர்சனைடுல எலக்ட்ரான் கீழே இறங்குறது, நின்ன பஸ்ல இருந்து இறங்குற மாதிரி. சிலிக்கான்ல ஓடுற பஸ். கீழே ஒருத்தர் கை கொடுத்தாதான் இறங்க முடியும். அந்தக் கை, படிகத்தோட அதிர்வு. அது கிடைக்கிறதுக்குள்ள எனர்ஜி பெரும்பாலும் சூடா போயிடும்.

அதனால இண்டியம் ஃபாஸ்பைடுல லேசர் செஞ்சு சிலிக்கான் மேல ஒட்டுறாங்க. 2006-ல் இன்டெலும் சாண்டா பார்பராவில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து அப்படி ஒண்ணைச் செஞ்சு காட்டினாங்க. இல்லேன்னா வெளிய இருக்கிற லேசர்ல இருந்து ஃபைபர் வழியா உள்ளே அனுப்பணும். ஃபைபர்ல வெளிச்சம் ஏறக்குறைய 10 மைக்ரான் அகலம், எங்க பாதையோ அரை மைக்ரான்!

நுழையும்போது 3 டெசிபல், வெளியே வரும்போது 3 டெசிபல் போச்சுன்னு வெச்சாலே மிச்சம் கால்வாசிதான். அதைக் கணக்குல சேர்த்தேன். சின்னச் சின்ன உப்பு மாற்றமெல்லாம் நாய்ஸுக்குள்ள காணாமப் போச்சு.

"மச்சி, பழைய கிராஃபையே வைப்போம்டா. யாரு கேக்கப் போறா?"ன்னான் டீம்மேட். இன்டர்னல் மார்க் பயம். உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் அந்த ஆசை இருந்துச்சு. ரெண்டு நாள் சண்டை. கடைசியில ரெண்டு கிராஃபையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சோம்.

செகண்ட் ரிவ்யூல மார்க் ஏறல, அதே மார்க்தான். ஆனா அதே சார் கால் மணி நேரம் உட்கார்ந்து, பாதையோட முனையை எப்படி வடிவமைச்சா இழப்பு குறையும்னு எங்களோட போர்டுல வரைஞ்சு பார்த்தார். இப்போ அதுதான் எங்க ப்ராஜெக்ட்.

உங்க சிமுலேஷன்லயும் ஏதோ ஒண்ணு ஒரே க்ளிக்ல சும்மா வந்திருக்கும். ரிவ்யூவுக்கு முன்னாடி அது எதுன்னு தேடிப் பாருங்க.