அம்மா தந்த கிழங்குகள்

கொடைக்கானல் மேல்மலையில் பிறந்தவனுக்கு டேலியா ஓர் அதிசயப் பூவன்று. உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு அப்பால், வேலியோரமாக, யார் நட்டது என்ற நினைவே இல்லாமல் அது நிற்கும். சித்திரையில் முளைவிட்டு, சாரல் தொடங்கியதும் மொட்டுக் கட்டும். ஆடி, ஆவணியில் பனிமூட்டத்துக்கு நடுவே விளக்கேற்றியது போல் பூக்கும். எங்கள் வீட்டுச் செடியின் பூ அடர்சிவப்பு. ஒவ்வோர் இதழின் நுனியிலும் நகக்கண் அளவுக்கு வெள்ளை. அந்தப் பூவுக்கு நூல்களில் என்ன பெயரோ, எங்கள் அம்மாவுக்கு அது 'நுனிவெள்ளை'. அவர் தம் பாட்டி வீட்டிலிருந்து கொண்டு வந்த கிழங்கு அது.

பிழைப்பு என்னைப் புனே நகருக்குக் கொண்டு வந்து சேர்த்தது 1986-இல். இரண்டு ஆண்டுகள் கழித்து, நகருக்குத் தென்கிழக்கே இருக்கும் கோந்த்வாவில் பின்புறம் சிறிது மண்ணுள்ள வாடகை வீடு ஒன்று கிடைத்தது. அந்நாளில் கோந்த்வா நகரம் அன்று, கிராமம். கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று இரண்டு ஊர்கள். குர்த் என்றால் சிறியது, புத்ருக் என்றால் பெரியது என்று அறிந்தபோது, சின்ன என்றும் பெரிய என்றும் அடைமொழி பெற்ற நம் நாட்டு ஊர்கள் நினைவுக்கு வந்து, அந்நிய மண் சற்றே உறவானது.

அந்த ஆண்டு மே மாத விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புகையில், அம்மா ஒரு மஞ்சள் பையில் ஆறு கிழங்குகளைக் கட்டிக் கொடுத்தார். இரண்டு இரவுகள் ரயிலில் என் தலைமாட்டிலேயே இருந்தது அந்தப் பை. ஜூனில் முதல் மழை விழுந்தது. ஊர் நினைவில், மழை வந்துவிட்டது, இனி நடலாம் என்று எண்ணி ஆறையும் நட்டேன். உருளைக்கிழங்கு நட்டுப் பழகிய கையாயிற்றே, இதில் என்ன பாடம் வேண்டும் என்பது என் எண்ணம்.

புனேயின் கரிசல் மண் மலைமண்ணன்று. மலையில் பெய்த நீர் சரிவில் ஓடிவிடும். கரிசலோ குடித்த நீரை விடாது. புனேயில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 700 மில்லி மீட்டர்; அதில் பெரும்பகுதி ஜூன் தொடங்கி செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகஸ்டில், ஒரு தளிரையும் காணாமல் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஆறும் கூழாகியிருந்தன. அந்த வாடையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அம்மாவுக்கு அந்த வாரம் எழுதிய கடிதத்தில், "செடிகள் நலம்" என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், இன்றும் என்னிடம் தக்க விடை இல்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களில் எல்லாமே நலமாகத்தானே இருக்கும்?

அடுத்த வீட்டில் வயது முதிர்ந்த மராட்டிய அம்மையார் ஒருவர் இருந்தார். அந்தத் தெருவுக்கே அவர் ஆஜி, அதாவது பாட்டி. நான் வெறுங்கையோடு மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பதை வேலிக்கு அப்பால் இருந்து கண்டுவிட்டார். மழையில் டேலியாவை நடுபவன் உண்டா என்று கேட்டுச் சிரித்தார். இங்கே அதற்கு மாதம் வேறு; கணபதியைக் கரைத்த பிறகு கன்று தயார் செய்ய வேண்டும், தசரா கழிந்து நட வேண்டும், தையில் பூ பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. மலையில் கோடையில் நட்டு மழையில் பூப்பது, இங்கே மழை ஓய்ந்தபின் நட்டுக் குளிரில் பூக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். புனே 560 மீட்டர். மலையின் கோடையில் இருக்கும் இதத்தைப் புனே தன் குளிர்காலத்தில்தான் தர முடியும். செடிக்கு வேண்டியது இதமே தவிர, மாதத்தின் பெயரன்று.

அந்த ஆண்டு ஒரு நாற்றுப்பண்ணையில் நான்கு டேலியாக் கன்றுகளை விலைக்கு வாங்கினேன். ஆஜியின் சொற்படி பாத்தியை ஒரு முழம் உயர்த்தி, கரிசலோடு முரும் மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நட்டேன். தை பிறந்தது. அம்மா முதன்முறையாகப் புனே வந்தார். பாத்தியில் நின்றவை நான்கும் முழுச்சிவப்பு. ஓர் இதழின் நுனியிலும் வெள்ளை இல்லை.

"மண் மாறினதால நிறமும் மாறிப் போச்சும்மா" என்றேன்.

இதில் வேடிக்கை, அது முழுப் பொய்யும் அன்று. இருநிற டேலியாக்கள் நிலையற்றவை. நுனியில் வெள்ளை காட்டும் வகைகள் சில வேளை முழுநிறமாகவே மலர்ந்துவிடுவது தோட்டக்காரர்கள் அறிந்த செய்தி. ஆனால், உண்மையின் துணையோடு சொன்ன பொய்க்குத்தான் வலிமை அதிகம், குற்றமும் அதிகம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தங்கியிருந்த இருபது நாளும் காலையில் அந்தச் செடிகளுக்கு நீர் ஊற்றினார். சாய்ந்த தண்டுகளைப் பழைய புடவைக் கிழிசலால் குச்சியோடு சேர்த்துக் கட்டினார்.

ஊருக்குப் புறப்பட்ட அன்று, ரயில் நகரும் வேளையில், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கெழங்கு அழுகிப் போச்சுன்னா அழுகிப் போச்சுன்னு எழுத வேண்டியதுதானே தம்பி? அடுத்த வருசம் வேற குடுத்திருப்பேனே!"

நான் விடை சொல்லுமுன் வண்டி நகர்ந்துவிட்டது. இருபது நாள் அவர் அந்தச் சொல்லை ஏன் வைத்திருந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. என் மனைவியின் முன்னும், ஆஜியின் முன்னும் மகனைத் தலைகுனிய விட அவருக்கு மனமில்லை.

மாசியில், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் எட்டுக் கிழங்குகள் வந்தன. ஒவ்வொன்றையும் அடித்தண்டின் துண்டோடு சேர்த்து அறுத்திருந்தார். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். எந்தத் துண்டை வெட்டி நட்டாலும், அதில் ஒரு கண் இருந்தால் முளைக்கும். டேலியாவுக்கு அப்படியன்று. கிழங்கின் கழுத்து தண்டோடு சேரும் இடத்தில்தான் கண். கழுத்து ஒடிந்தால், எத்தனை கொழுத்த கிழங்கானாலும் அது முளைக்காது. அம்மா எழுத்தறியாதவர். ஆனால், சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த அறுப்பிலேயே சொல்லியிருந்தார்.

எட்டையும் உலர்ந்த மணலில் புதைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தேன். கோடை முழுதும் உறங்கி, மழைக்காலத்தையும் கடக்க வேண்டுமல்லவா? எட்டில் மூன்றே பிழைத்தன. ஆவணியில் அவற்றை மணல்தொட்டியில் வைத்து ஈரம் காட்டியதும் கண் விழித்தன. மூன்று விரற்கடை நீளத் தளிர்களை அரிந்து, மணலில் ஊன்றி, நிழலில் வைத்தால் மூன்று வாரத்துக்குள் வேர் பிடிக்கும். ஒரு கிழங்கிலிருந்தே பல கன்றுகள். தசரா கழித்து, இரண்டடி இடைவெளியில் நட வேண்டும். குச்சியை நடும்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் வேரையும் கிழங்கையும் குத்திவிடும். நான்கைந்து அடுக்கு இலை வந்ததும் குருத்தைக் கிள்ள வேண்டும். பெரிய பூ வேண்டுமானால், நடுமொட்டை விட்டுப் பக்கமொட்டுகளை எடுத்துவிட வேண்டும். மாசி வெயில் ஏறியதும் இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வந்து அடையும். காலையில் இலையின் அடிப்புறம் படும்படி நீர் தெளிப்பது அதற்கு நல்ல காவல். அந்தத் தையில் நுனிவெள்ளை பூத்தது. நிழற்படம் எடுத்து அனுப்பினேன். அந்த முறை கடிதத்தில், எட்டில் ஐந்து போய்விட்டன என்பதையும் எழுதினேன்.

அதன்பின் டேலியாவின் கதையைத் தேடிப் படிக்கலானேன். அதுவும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்த குடிதான். மெக்சிகோ மலைநாட்டுச் செடி அது. 1789-இல் அங்கிருந்து மாட்ரிட் நகரத் தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றது. 1791-இல் கவனில்யெஸ் என்ற ஸ்பானிய அறிஞர், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாக அதற்குப் பெயர் சூட்டினார். கிழங்கு உணவாகுமா என்று ஐரோப்பியர் முதலில் தின்று பார்த்தார்கள், நாக்குக்குப் பிடிக்கவில்லை, பூவுக்காக வைத்துக்கொண்டார்கள். வெகுநாள் கழித்து, 1963-இல், மெக்சிகோ அதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. தாய்நாடு தன் பிள்ளையின் பெருமையை உணர எத்தனை காலம் ஆகிறது பாருங்கள்! உதகையிலும் கொடைக்கானலிலும் வேலியோரப் பூவாகிவிட்ட அதை அந்நியச் செடி என்று இன்று யார் சொல்வார்கள்?

புனேயில் எம்பிரஸ் தோட்டத்தில், மேற்கு இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தார் ஜனவரியில் நடத்தும் மலர்க்காட்சிக்கு என் மகளை ஆண்டுதோறும் அழைத்துப் போவேன். ஒருமுறை அவள், நம் செடியின் விதையை நட்டால் என்ன என்று கேட்டாள். நுனிவெள்ளை வராது என்றேன். கிழங்கிலிருந்தும் தளிரிலிருந்தும் வருவது தாய்ச்செடியின் மறுபதிப்பு. விதை அப்படியன்று. பெரும்பாலான உயிர்களுக்கு நிறப்புரித் தொகுதி இரண்டு. தோட்டத்து டேலியாவுக்கோ எட்டு. எந்தக் குணம் எந்தப் பிள்ளைக்குப் போகும் என்று கணிக்க முடியாது. அவள் கேட்கவில்லை, நட்டாள். பதினொரு செடிகள் வந்தன. ஒன்றும் நுனிவெள்ளை இல்லை. ஒன்று மட்டும், விடியற்காலை வானம் போன்ற, செம்மையும் மஞ்சளும் கலந்த நிறம். வெள்ளை, நுனியிலன்றி, இதழின் அடியில் இருந்தது. அதை அம்மாவிடம் காட்ட நேர்ந்தபோது, அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டுப் பூதான்" என்றார்.

என் மகள் பேசும் தமிழில் மராட்டியச் சாயல் உண்டு. அதை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். பிள்ளைகளைக் கிழங்காக எண்ணி, நம் மறுபதிப்பாகவே மலர வேண்டும் என்று ஏங்குகிறோம். அவர்களோ விதைகள். அம்மா அந்தப் பூவைப் பார்த்த நாளுக்குப் பிறகு நான் கண்டிப்பதை விட்டேன். ஆனால், கிழங்கைக் காப்பதை விடவில்லை. இரண்டும் வேண்டும் என்றே தோன்றுகிறது.

1997-இல் சுற்றியுள்ள கிராமங்கள் பல புனே மாநகராட்சியோடு இணைந்தபோது கோந்த்வாவும் நகரானது. வேலிகள் போய் மதில்கள் வந்தன. மதில்கள் போய் அடுக்குமாடிகள் வந்தன. ஆஜி இன்றில்லை. அம்மாவும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், நாங்கள் இருந்த வீட்டையும் இடித்தார்கள். மண்வெட்டி விழுமுன், ஒரு மாசி மாதக் காலையில், கடைசி முறையாகக் கிழங்குகளைத் தோண்டினோம். நானும் மகளும் ஒவ்வொன்றையும் கழுத்து ஒடியாமல் அறுத்தோம்.

இப்போது ஐந்தாம் மாடித் திண்ணையில் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. இரண்டில் நுனிவெள்ளை, இரண்டில் மகளின் பூ. மீதிக் கிழங்குகள் இந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் வீடுகளுக்குச் சென்றன. கொடுக்கும்போது இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று, தசரா கழிந்து நடுங்கள். மற்றொன்று, அழுகிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வேறு தருகிறேன்.