கண்டக்குழிக் கடலில் ஒரு காலை

சிலாபம் முதல் கற்பிட்டி வரை கரையோரமாகவே செல்வதென்று மணமான நாள்தொட்டுப் பேசிவந்தோம். இருபதாண்டு கழிந்தே அது கைகூடிற்று. முன்னேசுவரத்தில் வழிபட்டோம், உடப்பில் தீமிதிப்புக்குப் பேர்பெற்ற திரௌபதை அம்மன் ஆலயத்தையும் தரிசித்தோம். கற்பிட்டியில், 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றி எங்களுள் ஒருவர் விரிவுரை தொடங்க, மற்றவர் கடலைக் காட்டி அதனை நிறுத்தினார்.

ஆயினும், பயணத்தின் சுவையெல்லாம் அடுத்துள்ள கண்டக்குழியிலேதான். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில்தான் இக்கடல் அமைதியுறும். அத்தகையதொரு விடியலில் படகேறினோம். எங்களுள் ஒருவருக்குக் கடலென்றால் நடுக்கம். இல்லத்தரசியார்க்கென்று வாசகர் எண்ணிவிட வேண்டா. வகுப்பறையில் மாணவரை நடுங்கவைப்பவருக்கே அந்நிலை! கரை விலகியதும் அவர் கை தானாகவே துணைவியின் கையைத் தேடிற்று.

திடீரென ஓங்கில்கள், நூற்றுக்கணக்கில்! பம்பரமெனச் சுழன்று துள்ளின. இரவில் ஆழ்நீரில் இரைதேடிப் பகலில் இளைப்பாறும் இனம் இது, துரத்துதல் தகாது. வேறு சில படகுகள் துரத்தத்தான் செய்தன. எங்கள் படகோட்டியோ இயந்திரத்தை நிறுத்தி, "ஐயா, இப்ப கேளுங்க" என்றார். நீர்ப்பரப்பெங்கும் அவை மூச்சுவிடும் ஓசை! நெடுநேரம் நாங்கள் பேசவில்லை.

கரை திரும்பி, மீன்வாடியருகே தேநீர்க் கோப்பையை வாங்கும்போதுதான் அந்தக் கை விடுபட்டது.