மூவாயிரம் பிரதிகள்

கனடாவில் வாழும் என் தங்கையின் மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்புக்கு வந்தபோது, எனக்கென ஓர் இறுவட்டைக் கொண்டுவந்திருந்தான். "மாமா, இது நீங்கள் அடிக்கடி சொல்லும் படத்தின் இசை. ஆனால், படத்தில் இந்த இசை இல்லை" என்றான். விடுகதை போலிருந்தது. உறையைப் பார்த்ததும் விளங்கியது. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்துக்காக அலெக்ஸ் நோர்த் அமைத்து, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பயன்படுத்தாது விட்ட இசை அது. அமெரிக்காவின் இன்ட்ராடா நிறுவனம் 2007இல் அதனை மூவாயிரம் பிரதிகள் மட்டுமே வெளியிட்டது. அவை விற்றுத் தீர்ந்த பின்னர், பழைய இறுவட்டுகள் விற்கும் ஒருவரிடம் அவன் தேடிப் பெற்றிருந்தான். என்ன விலை கொடுத்தான் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் படத்துக்கும் கொழும்புக்கும் தொடர்பு உண்டு. குப்ரிக்குடன் இணைந்து அதன் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பிலேயே மறைந்தவர். பத்திரிகையாளன் என்ற வகையில் பொது நிகழ்ச்சிகள் சிலவற்றில் அவரைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறேன். விண்வெளியைப் பற்றி அவரிடம் கேட்கப் பலர் இருந்தனர். நோர்த்தின் இசையைப் பற்றிக் கேட்கலாம் என்பது எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

நோர்த் சாதாரணமானவர் அல்லர். 'அன்செயின்ட் மெலடி' என்ற உலகப் புகழ்பெற்ற பாடலுக்கு மெட்டமைத்தவர். ஒஸ்கார் விருதுக்குப் பதினைந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையேனும் வெல்லாதவர். 1986இல் கௌரவ ஒஸ்கார் வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதலாவது இசையமைப்பாளர் அவரே. குப்ரிக்கின் 'ஸ்பார்ட்டகஸ்' படத்துக்கும் 1960இல் அவர்தான் இசையமைத்தார்.

1967இன் இறுதியில் குப்ரிக் அவரை லண்டனுக்கு அழைத்தார். படத்தொகுப்பின்போது தற்காலிகமாக இட்டுவைத்திருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ், ஜொஹான் ஸ்ட்ராவுஸ் ஆகியோரின் இசையில் குப்ரிக்கின் மனம் ஏற்கெனவே பதிந்திருந்தது. நோர்த் இரவுபகலாக உழைத்து இரு வாரங்களில் நாற்பது நிமிட இசையை எழுதினார். உழைப்பின் அழுத்தத்தில் உடல் வலி கண்டு, ஒலிப்பதிவுக்கு அம்புலன்ஸ் வண்டியில் செல்ல நேர்ந்தது. வாத்தியக் குழுவை ஹென்றி பிராண்ட் வழிநடத்தினார். படத்தின் பிற்பாதிக்கு எழுதக் காத்திருந்தவருக்கு, இனி இசை தேவையில்லை என்ற தகவல் வந்தது. 1968 ஏப்ரலில் நியூயோர்க்கில் படத்தைப் பார்க்கச் சென்றார். தாம் எழுதிய ஒரு துளி இசைகூட அதில் இல்லை என்பதை இருளில் அமர்ந்திருந்தே அறிந்துகொண்டார்.

குப்ரிக் செய்தது தவறு என்று நான் வாதிட வரவில்லை. 'நீல டான்யூப்' இசைக்கேற்பச் சுழலும் அந்த விண்கலத்தை வேறு இசையோடு எண்ணிப்பார்க்க இன்று எவராலும் முடியாது. படைப்பின் நலனுக்காக ஒன்றை நீக்கும் அதிகாரம் இயக்குநருக்கு உண்டு, ஆசிரியருக்கும் உண்டு. ஆனால், நீக்குவது வேறு, அழிப்பது வேறு. நோர்த் அந்த ஒலிப்பதிவின் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருந்தார். அதிலிருந்த சில பகுதிகளை 1981இல் வெளிவந்த 'டிராகன்ஸ்லேயர்' உள்ளிட்ட பிற படைப்புகளில் மீளவும் பயன்படுத்தினார். 1991இல் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் அவரது நண்பரும் இசையமைப்பாளருமான ஜெரி கோல்ட்ஸ்மித், அந்த இசை முழுவதையும் லண்டனில் புதிதாக ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார். 2007இல் இன்ட்ராடா வெளியிட்டதோ 1968இன் மூல ஒலிப்பதிவு. நோர்த் வைத்திருந்த அந்த மொனோ நாடா அதற்கு வழி செய்தது.

பழைய திரையிசையை இவ்வாறு மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பாக வெளியிடுவது அமெரிக்காவில் ஒரு சிறு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 'ஃபில்ம் ஸ்கோர் மன்த்லி' என்ற சஞ்சிகையை நடத்திய லூகாஸ் கெண்டல் 1996 முதல் 2013 வரை 250 தொகுப்புகளை வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை மூவாயிரம் பிரதிகளைத் தாண்டவில்லை. வரேஸ் சரபாண்ட், லா-லா லேண்ட் போன்ற நிறுவனங்களும் இவ்வழியிற் சென்றன.

மூவாயிரம் என்ற எண்ணிக்கையை விற்பனைத் தந்திரம் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. ஹொலிவூட்டில் படத்துக்காக வாசிக்கப்பட்ட இசையைத் தனியே விற்பதாயின், வாசித்த கலைஞர்களுக்கு மறுபயன்பாட்டுக் கட்டணம் வழங்க வேண்டும். தொண்ணூறு பேர் கொண்ட குழுவுக்கு அக்கட்டணத்தை முழுமையாக வழங்கினால் எந்தச் சிறு நிறுவனமும் எழ முடியாது. பழைய ஒலிப்பதிவுகளைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும்போது கலைஞர் சங்கம் சலுகை காட்டுகிறது. அதற்கு மேல் படநிறுவனத்தின் உரிமைக் கட்டணமும் உண்டு. உலகெங்கும் சேர்த்து இத்தகைய இசையை வாங்குவோரும் சில ஆயிரவரே.

அவர்கள் காலத்தோடும் போட்டியிடுகின்றனர். இசை பதியப்பட்ட அசிட்டேட் காந்தநாடாக்கள் நாட்பட வினாகிரி வாடை வீசிச் சுருங்கிப்போகின்றன. சிலவற்றுக்கு அந்த அவகாசமும் கிட்டவில்லை. எம்.ஜி.எம். நிறுவனம் 1970ஐ அண்டிய காலத்தில், இடநெருக்கடியைக் காட்டி, தன் இசைச்சுவடிகளைக் குப்பை நிலத்துக்கு அனுப்பியது. அந்தப் படங்களின் இசையை மீண்டும் மேடையேற்ற விரும்பிய ஜோன் வில்சன் என்ற ஆங்கிலேயர், படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வாத்தியம் வாத்தியமாகக் காதால் பிரித்து எழுத வேண்டியிருந்தது.

இந்த வியாபாரத்தில் எனக்கு உடன்பாடில்லாதவையும் உள்ளன. கேட்பதற்கன்றி, பின்னர் பன்மடங்கு விலைக்கு விற்பதற்கென்றே வாங்கிப் பூட்டிவைப்போர் இருக்கின்றனர். பிரதி குறைவு என்பதே சிலருக்குப் பெருமையாகிவிடுகிறது. மாணவன் ஒருவன் கேட்க விரும்பினால் அவனுக்கு எட்டாத விலை. இக்குறைகளை நான் மறுக்கவில்லை. ஆயினும் மூவாயிரம் வீடுகளில் இருப்பது ஒரே நாளில் அழியாது. அதனை நான் என் வாழ்க்கையிற் படித்தேன்.

எழுபதுகளில், பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த புதிதில், யாழ்ப்பாணத்து இசைநாடக மேடைகளில் ஹார்மோனியம் வாசித்த முதியவர் ஒருவரை இரண்டு நாட்கள் சந்தித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். எந்த மேடையில் எந்த இராகத்தை ஏன் மாற்றினார், நடிகருக்குக் குரல் கம்மியபோது எவ்வாறு சுருதியை இறக்கினார் என்றெல்லாம் அவர் சொன்னார். கட்டுரை அச்சுக்கோக்கப்பட்டது. அச்சேறும் நாளில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. "தம்பி, அடுத்த கிழமை பார்ப்போம்" என்றார் ஆசிரியர். அந்த அடுத்த கிழமை வரவேயில்லை. சில மாதங்களில் முதியவர் காலமானார்.

அந்தக் கட்டுரையின் 'புறூவ்' தாள்களை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். 1983 ஜூலையில் நாங்கள் கொழும்பில் குடியிருந்த வீடு எரிந்தபோது பெட்டியும் போயிற்று. உயிர் தப்பியதே பெரிது என்றிருந்த நாட்களில் தாள்களைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அகதி முகாமின் தரையில் படுத்திருந்த ஓர் இரவில்தான் நினைவு வந்தது. என் எழுத்து போனதற்கு நான் வருந்தவில்லை. அதைவிட நன்றாகப் பின்னர் எழுதியிருக்கிறேன். அந்த மனிதர் சொன்னவை வேறெங்கும் இல்லை என்பதே என்னை வருத்தியது. ஒரு பிரதி எடுத்து அவருடைய மகளுக்குக் கொடுத்திருந்தால் போதும். அன்றைக்கு அது தோன்றவில்லை.

அந்த இறுவட்டை அன்றிரவே கேட்டேன். மொனோ ஒலிதான், அரங்கின் இரைச்சலும் சிறிது உண்டு. எனினும் அந்த வாத்தியக் குழு 1968இல் வாசித்த அதே மூச்சு அது. அன்று அவர்கள் தமது இசை திரையில் ஒலிக்கப்போவதாகவே நம்பி வாசித்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் மருமகனிடம் ஒரு கொப்பி வாங்கிவரச் சொன்னேன். அந்த ஹார்மோனியக்காரர் சொன்னவற்றுள் என் நினைவில் எஞ்சியவற்றை எழுதத் தொடங்கினேன். பதினொரு பக்கங்கள் தேறின. அவற்றில் மூன்று பிரதிகள் எடுத்திருக்கிறேன். ஒன்று என்னிடம், ஒன்று கனடாவில், மூன்றாவதை அவருடைய பேரனைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன்.