பெயரில்லாப் போர்வை



நமக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. அதனைப் பங்கு மக்கள் அறியாதபடி வெகு நாள் மறைத்து வைத்திருந்தோம். ஐம்பதைக் கடந்த குருவானவர் ஒருவர், இரவுச் செபம் முடிந்தபின் இரண்டு ஊசிகளைக் கையில் ஏந்திக் கம்பளி நூல் பின்னிக்கொண்டு அமர்ந்திருக்கிறார் என்றால் கேட்போர் நகைக்கமாட்டார்களா? பெங்களூரில் குருமாணவராய்ப் பயின்ற நாளில், காய்ச்சலுற்று மூன்று வாரம் படுக்கையில் கிடந்தோம். மருந்து கொடுக்க வந்த முதிய அருட்கன்னியர் ஒருவர், "சும்மா கிடந்து கூரை ஓட்டை எண்ணாதே, தம்பி" என்று சொல்லி ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தார். அன்று பிடித்த ஊசியை இன்றளவும் விட்டோமில்லை. பின்னாளில் பழந்துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கவும் கற்றுக்கொண்டோம்.

ஆகவே, செஞ்சிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றின் பங்கு மன்றத்தில், தையற் பள்ளிப் பெண்கள் தாம் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்வியுற்றதும் நம் உள்ளம் அங்கே ஓடிவிட்டது. உண்மையைச் சொல்வதானால், வேறொரு எண்ணமும் இருந்தது. நம் பங்கின் திருவிழாக் குலுக்கலுக்குப் பரிசுப் பொருள்கள் வேண்டியிருந்தன. அவற்றை மலிவாக வாங்கி வரலாம் என்பதே அந்த எண்ணம்.

விழுப்புரத்திலிருந்து காலையிலேயே புறப்பட்டுவிட்டோம். கண்காட்சி பத்து மணிக்குத்தான் திறக்கும். இடையில் நேரம் இருந்தமையால், விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே அமைந்த மண்டகப்பட்டில் இறங்கினோம். வயல்களை அடுத்துக் கிடக்கிறது ஒரு பெரும்பாறை. அதன் முகத்தைக் குடைந்து, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு கோயிலை அமைத்தான். முகப்பில் கனத்த சதுரத் தூண்கள். அவற்றின் இடைப்பகுதி எட்டுப் பட்டையாகச் செதுக்கப்பட்டுள்ளது. இரு புறமும் வாயிற்காவலர் இருவர் கதையை ஊன்றி நிற்கின்றனர். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். அவை இன்று வெறுமையாய் உள்ளன.

அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு வரலாற்று மாணவர் பலரும் அறிந்தது. செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணம் இன்றி, பிரமன், ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் பொருள். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. விந்தையான கற்பனைகள் நிறைந்த உள்ளத்தன் என்று கொள்ளலாம். வழக்கமான பொருள் ஒன்றுமின்றிப் புதியதொன்றைப் படைத்த பெருமிதம் அச்சொற்களில் தொனிக்கிறது. உளி பிடித்தவர் யார் என்று கல்வெட்டு கூறவில்லை. அதனை நாம் அப்பொழுது பெரிதாக எண்ணவும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

பங்கு மன்றத்துள் நுழைந்ததும் கண்கள் நிறைந்துவிட்டன. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, நாற்பதுக்கு மேற்பட்ட போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் ஒருபுறம். கட்டம்போட்ட லுங்கித் துண்டுகள் ஒருபுறம். பள்ளிச் சீருடையின் கருநீலம், மங்கிய மஞ்சள், மிளகாய்ப் பழச் சிவப்பு, கிளிப்பச்சை என்று நிறங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. கண்ணாடிச் சன்னலில் வெயில் பட்டால் கோயில் தரையில் விழுமே, அந்த வண்ணக் கோலம் நினைவுக்கு வந்தது.

அவற்றைக் கண்டதும் நம் மனம் முப்பது ஆண்டு பின்னே சென்றது. உடன் பயின்ற கார்வார் மறைமாவட்டத் தோழர் ஒருவர் விடுமுறையில் நம்மைத் தம் பக்கத்துக் காட்டூர்களுக்கு அழைத்துச் சென்றிருந்தார். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாப்பூர் வட்டாரங்களில் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவரின் வழித்தோன்றல்கள் அவர்கள். போர்த்துக்கீசியரின் கோவாவிலிருந்து தப்பிக் காட்டில் அடைக்கலம் புகுந்தவரும் அவர்தம் முன்னோருள் உண்டு. அவர்களில் கத்தோலிக்கரும் உளர், இசுலாமியரும் இந்துக்களும் உளர். அப்பெண்கள் பழம்புடவைகளைக் கிழித்து 'கவந்தி' என்னும் போர்வை தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் வந்து முடிப்பது அவர்கள் முறை. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிப் பூக்களை வைப்பார்கள். அப்பூக்கள் இல்லாத போர்வை ஆடையில்லாததற்கு ஒப்பாம்! கிறிஸ்தவப் பெண்கள் தைத்தவற்றில் சிலுவை வடிவங்களைக் கண்டோம்.

இவ்வாறு நினைவில் ஆழ்ந்தபடி நடந்தபோது ஒரு போர்வையின் முன் கால்கள் நின்றுவிட்டன. வெள்ளை வேட்டித் துண்டுகளுக்கிடையே நீலச் சீருடையும், ஓரிடத்தில் மட்டும் சிவப்புப் பட்டுத் துண்டும் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. தையல் நேர்க்கோடாய் ஓடிற்று. அதன்மேல் குத்தியிருந்த அட்டையில், "எண் 17. விலை 400 ரூபாய்" என்று எழுதியிருந்தது. அருகே ஒரு மூதாட்டி தரையில் அமர்ந்திருந்தார்.

"இது நீங்கள் தைத்ததா, அம்மா?"

"ஆமா, சாமி."

"முந்நூறுக்குத் தருவீர்களா?"

அவர் சற்றே தயங்கினார். பின்பு, "சாமி கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா? எடுத்துக்குங்க" என்றார்.

பணத்தை எடுத்தபடி, எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு பேச்சுக்குக் கேட்டோம்.

"ஆடியில ஆரம்பிச்சது, சாமி. கார்த்திகையில முடிஞ்சது. வேட்டி எங்க வீட்டுக்காரரோடது. அவர் போயி ரெண்டு வருசமாச்சு. நீலம், பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கிட்டுப் போனது. அந்தச் சிவப்பு, என் கல்யாணப் புடவை."

நம் கை பையிலேயே நின்றது. ஊசி பிடித்துப் பழகிய நமக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஐந்தடி நீளம், நான்கடி அகலம். அங்குலத்துக்கு ஒன்றாக 48 தையல் வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் 60 அங்குலம். அங்குலத்துக்கு நான்கு தையல் என்றால் மொத்தம் 11,520 தையல்கள். முந்நூறு ரூபாயை அதனால் வகுத்துப் பார்த்தோம். ஒரு தையலுக்கு மூன்று காசும் தேறவில்லை. அத்தகைய வேலையில்தான் நூறு ரூபாயைக் குறைத்துக் கேட்டோம்! நம் அங்கியை மதித்தே அவர் உடன்பட்டார் என்பதும் அப்பொழுதுதான் உறைத்தது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரைப் பற்றி அவரிடம் கூறினோம். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் வறுமையால் பழந்துணிப் போர்வைகளைத் தைத்துவந்தவர்கள். மிசூரி பெட்வே என்னும் பெண்மணி 1942ஆம் ஆண்டில், காலமான தம் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவ்வூர்ப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில், தைத்தவர்தம் பெயர்களோடு சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளை அஞ்சல் தலைகளாக வெளியிட்டது.

"அங்கயும் வீட்டுக்காரர் துணியிலதான் தைச்சாங்களா, சாமி?" என்று கேட்டார் மூதாட்டி. மற்ற செய்திகள் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பெயர்களோடு என்று சொல்லும்போதே நம் கண் அந்த அட்டையின்மீது விழுந்தது. எண் இருந்தது, விலை இருந்தது, பெயர் இல்லை. வாயிலில் கட்டியிருந்த பதாகையிலோ நன்கொடையாளர் பெயர்கள் பெரிய எழுத்தில் விளங்கின. காலையில் கண்ட கல்வெட்டு அப்பொழுது நினைவுக்கு வந்தது. செய்வித்தவனின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. செய்தவரின் பெயர் காணோம்.

நம் திருச்சபையின் வரலாற்றிலும், பிற சபைகளின் வரலாற்றிலும் ஊசிக்குப் பேரிடம் உண்டு. புனித சூசையப்பரின் குளூனி சபைக் கன்னியர் 1827இல் புதுச்சேரிக்கு வந்தனர். அவர்களுடைய பூத்தையல் நிலையத்தில் ஏழைப் பெண்கள் தைத்த விரிப்புகள் இன்றும் புகழ்பெற்றவை. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த சீர்திருத்த சபை மறைபணியாளர் குடும்பத்தின் மார்த்தா மால்ட் அம்மையார், அங்குள்ள சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமை நிலையில் இருந்த பெண்கள் அவ்வருவாயைக் கொண்டு தம் விடுதலையை வாங்கியதாக வரலாறு கூறுகிறது. கற்பித்த அம்மையாரின் பெயரை நூல்கள் போற்றுகின்றன. பின்னிய சிறுமியரின் பெயர்களை நாம் எங்கே தேடுவது?

விவிலியம் இவ்வகையில் நமக்கு ஆசானாய் நிற்கிறது. திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோப்பா நகரில் சீடர் ஒருவர் இறந்துபோனார். புனித பேதுரு வந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே, அவர் தங்களோடு இருந்த நாளில் செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டினார்கள். நாம் அறிந்த வரையில் திருச்சபையின் முதல் துணிக் கண்காட்சி அதுவே! தைத்தவரின் பெயரை ஆசிரியர் இரு மொழிகளில் எழுதி வைத்தார்: அரமேயத்தில் தபித்தா, கிரேக்கத்தில் தொற்கா.

பையில் ஆயிரம் ரூபாய் இருந்தது. அதனை மூதாட்டியிடம் கொடுத்தோம்.

"இது அதிகம், சாமி" என்று பதறினார்.

"இல்லையம்மா, இதுவும் குறைவுதான். இது தருமம் இல்லை, உங்கள் கூலியில் ஒரு பங்கு" என்றோம்.

பின்னர், போர்வையின் மூலையில் பெயரைத் தைத்துத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அவருக்கு எழுதத் தெரியாது. பேத்தி சாக்குக்கட்டியால் எழுத, அதன்மேல் அவர் சிவப்பு நூலை ஓட்டினார். ஐந்து எழுத்துக்கு அரைமணி ஆயிற்று. முடித்தபின் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "பத்திரிகையில எல்லாம் பேர் போட வேணாம், சாமி. துணியில இருந்தா போதும்" என்றார். ஆகையால் இங்கே அப்பெயரை எழுதவில்லை. தையற் பள்ளியை நடத்தும் கன்னியரிடமும் இதனைப் பேசினோம். அவர் முகம் சுளிக்கவில்லை. அன்று மாலைக்குள் எல்லா அட்டைகளிலும் பெயர்கள் ஏறிவிட்டன.

அப்போர்வை குலுக்கலுக்குப் போகவில்லை. நம் கட்டிலில் கிடக்கிறது. குலுக்கலுக்கு எவர்சில்வர் பாத்திரங்கள் வாங்கினோம். நம் பங்கின் தையற் பள்ளியில் இப்பொழுது ஒரு விதி உண்டு: பீடத் துணியாயினும் தலையணை உறையாயினும், தைத்தவர் பெயர் ஒரு மூலையில் இருக்கவேண்டும், விலை குறிக்குமுன் நாள் கணக்கு எழுதவேண்டும்.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி இத்தகைய விற்பனை நடைபெறலாம். சென்று வாங்குங்கள். விலையைக் குறைத்துக் கேட்குமுன், எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். பெயரையும் கேளுங்கள்.