எரிந்தானா, எரியவில்லையா?

1924ஆம் ஆண்டு முதல் மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் பதுளை. அதற்கப்பால் பசறை, நமுனுகுலை, மடுல்சீமை என்று தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. மாசி மாதத்தில் அப்பக்கம் செல்லும் அன்பர்கள், லயங்களுக்கருகே காமன் கம்பம் ஊன்றியிருக்கக் காணலாம். சிவபெருமானின் நெற்றிக்கண் மன்மதனை எரித்த கதையே காமன் கூத்து.

அக்கதையைப் பற்றிக்கொண்டு வளர்ந்த சொற்போர்தான் லாவணி. மராட்டியர் ஆண்ட தஞ்சையில் வேரூன்றிய கலை அது. காமன் சாம்பலானான் என்பது எரிந்த கட்சி. இல்லை என்பது எரியாத கட்சி. ஒருவர் தொடுத்த வினாவுக்கு மற்றவர் பாட்டிலேயே விடையிறுத்து, மறுவினாவும் தொடுத்தல் வேண்டும். ஏட்டைப் புரட்ட அவகாசமேது? புராணம் கற்றவர் மேற்கோள்களை அடுக்கி நிதானமாகப் பாடுவார். குறும்புக்காரரோ, எரிந்தவன் இன்றும் இளைஞர்மீது கணை தொடுப்பதெப்படி என்று ஒரே கேள்வியில் மடக்கப் பார்ப்பார். உருவந்தான் போயிற்று, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான் என்று புலவர் சமாளிப்பார். கைதட்டல் என்னவோ குறும்புக்கே!

பகலெல்லாம் கங்காணிக்கு எதிர்ச்சொல் கூற இயலாதிருந்த தொழிலாளிக்கு, கேள்வி கேட்கும் உரிமை கிடைத்த இரவுகள் கூத்தின் இரவுகளே எனலாம். பௌர்ணமியன்று காமனை எரிப்பர். பின்னர் உயிர்ப்பித்தும் விடுவர். இரு கட்சியாருக்கும் அதிலே ஆதாரம் உண்டு.