அழுத்தும் முன் தேடு

அக்குபிரஷர் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது புள்ளிப் பட்டியலைத்தான். தலைவலிக்கு எது, வாயுவுக்கு எது, தூக்கத்துக்கு எது என்று நோட்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் முதல் நாள் கையில் கொடுப்பது நகவெட்டி. கட்டைவிரல் நகம் சதையைத் தாண்டி நின்றால் தோலில் விழுவது கீறல்தான், அழுத்தம் இல்லை. எண்ணெய்க் கையோடும் உட்காரக் கூடாது. விரல் வழுக்கும், இடம் தப்பும்.

உலக சுகாதார நிறுவனம் இடம் குறித்து வைத்திருக்கும் புள்ளிகள் 361. அன்றாடத் தொல்லைகளுக்கு நம் கையால் நாமே பார்த்துக்கொள்ள ஐந்தாறு போதும். அளவுகோல் அவரவர் உடம்புதான். கட்டைவிரல் கணுவின் அகலத்தை ஒரு சுன் என்பார்கள், நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். அம்மாவின் விரலால் மகன் காலை அளந்தால் கணக்கு உதைக்கும்.

அளவு தெருமுனை வரைதான் கொண்டுபோய் விடும், வீட்டை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அளந்த இடத்தைச் சுற்றி விரல் நுனியை அரிசி அகலம் அரிசி அகலமாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் சதை லேசாக உள்வாங்கும். அங்கே அழுத்தினால் மந்தமான ஒரு வலி, ஒரு மதமதப்பு, மெல்லப் பரவும். அதுதான் புள்ளி. சுளீரென்று மின்சாரம் போல ஓடினால் நரம்பின்மேல் இருக்கிறீர்கள், விரலை எடுத்துவிடுங்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்த ஐயா அழுத்தத்தைச் சமையலறைத் தராசில் சொல்லித் தந்தார். முள் ஓடும் பழைய தராசு. தட்டில் கட்டைவிரலை வைத்து மூன்று கிலோவில் முள்ளை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்வார். விரல் பலத்தால் அழுத்துகிறவர்களுக்கு இருபது எண்ணுவதற்குள் முள் ஆடத் தொடங்கும், கணு கடுக்கும். “விரலை அமுக்காத கண்ணு, உடம்பைச் சாய்” என்பார். முழங்கையை நீட்டி, தோளிலிருந்து உடம்பின் கனத்தை மெல்ல இறக்கினால் முள் அசையாமல் நிற்கும். மூச்சை விடும்போது கனத்தை இறக்கி, இழுக்கும்போது தளர்த்த வேண்டும். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். விடும்போதும் சட்டென்று எடுக்காமல் படிப்படியாக விட வேண்டும். அவருடைய கட்டைவிரல் நுனி தட்டையாகவே ஆகிவிட்டிருந்தது, ஆனாலும் அவர் தொட்டால் வலித்ததில்லை.

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு அடிக்கடி வந்துபோகும் ஒரு அம்மாவுக்கு மலைப்பாதை என்றாலே குமட்டல். ஆழியாறு இறங்குவதற்குள் கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. இதய உறை 6 என்ற புள்ளியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். மறுமுறை வந்து, “ஒண்ணுமே ஆகலீங்க” என்றார். அழுத்திக் காட்டச் சொன்னால் விரல் மணிக்கட்டு ரேகையின் மேலேயே கிடந்தது. ரேகையிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் தள்ளி, நடுவில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையில் வைக்க வேண்டும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனி சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுநாண் கயிறாக எழும்பும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நாண் இருக்காது, அவர்களுக்கு முன்கை நடுக்கோடே வழி. இன்னொன்று, அவர் முதல் வளைவில் வயிறு புரட்டிய பிறகே கையைத் தொட்டிருக்கிறார். பஸ் கிளம்பும் முன்பே தொடங்கச் சொன்னேன். இப்போது பிளாஸ்டிக் பை இல்லாமல் வருகிறார்.

இந்தப் புள்ளியை மருத்துவ உலகமும் பார்த்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலைப் பற்றி 59 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2015இல், போலிச் சிகிச்சையைவிட இந்தப் புள்ளியைத் தூண்டுவது குமட்டலைக் குறைக்கிறது என்றது. மற்ற புள்ளிகளுக்கு அவ்வளவு சான்று கிடையாது. அதையும் வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன்.

தலைவலிக்குப் பெருங்குடல் 4. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினால் புறங்கையில் சதை மேடு எழும், அதன் உச்சி. புதியவர்கள் விரலிடைத் தோலைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். அழுத்தம் ஆள்காட்டி விரல் எலும்பை நோக்கிப் போக வேண்டும். கர்ப்பிணிகள் இதையும் கணுக்காலுக்கு மேலுள்ள மண்ணீரல் 6ஐயும் தொடக் கூடாது என்பது தொழில் கட்டுப்பாடு.

தையல் மெஷினில் குனிந்தே இருப்பவர்களுக்குப் பித்தப்பை 20. பின்மண்டை எலும்புக்குக் கீழே இருபுறமும் உள்ள குழி. விரல்களைக் கோத்துப் பின்தலையைத் தாங்கி, கட்டைவிரல்களைக் குழியில் நிறுத்தி, தலையைப் பின்னால் சாய்த்தால் போதும். தலையின் கனமே வேலையைப் பார்க்கும். கழுத்தின் முன்பக்கம் மட்டும் கை போகக் கூடாது.

கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். கட்டைவிரல் மூட்டு தேய்ந்தவர்களுக்கு மர ஜிம்மி என்ற அழுத்துக் கட்டை நல்ல துணை. முள் செருப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது புண்ணாக்குவதே தெரியாது. நாளம் புடைத்த கால், வீங்கிச் சூடான கெண்டைக்கால், அடிபட்ட இடம் எதிலும் விரல் வைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நெஞ்சு வலித்துக் கை இழுத்தால் புள்ளி தேடும் நேரமில்லை அது, 108ஐ அழையுங்கள். வாரக்கணக்கில் ஒரே வலி திரும்பத் திரும்ப வந்தாலும் புள்ளி தேட வேண்டாம், காரணத்தை டாக்டர் பார்க்கட்டும்.

தொடங்குகிறவர்கள் முதல் மாதம் இரைப்பை 36 ஒன்றை மட்டும் பழகுங்கள். முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி விழும். அங்கிருந்து நான்கு விரல் இறங்கி, கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளித் தேடுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம். இரண்டு கால்களையும் தனித்தனியாகப் பாருங்கள், பெரும்பாலோருக்கு ஒரு கால் முந்திக்கொண்டு பதில் சொல்லும். எந்தக் கால் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிகிற அன்று அடுத்த புள்ளிக்கு வரலாம்.